புள்ளிக்காகத் திரும்பிய ஊசி

போன மாதம் ஒரு காலை, உலையில் அரிசியைப் போட்டுவிட்டு நின்றபோது, கடையிலிருந்து வாட்ஸ்அப் வந்தது. நான் ஓய்வுபெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஜெனிட்டா ஒரு படம் அனுப்பியிருந்தாள். கீழே இப்படி எழுதியிருந்தாள்: "அக்கா, எழுத்து வெட்டினா ரெண்டு ரெண்டு கோடா வருது. நடுக்கோடு எடுக்கச் சொன்னா மீச மீசயா மொளைக்கி. என்ன செய்யட்டும்?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏதோ ஒரு படகின் பெயர். ஒவ்வொரு எழுத்தின் முனையிலும் கெளுத்தி மீனுக்கு இருப்பதுபோல இரண்டு மீசை. எனக்குச் சிரிப்பு வந்தது. பழைய பகையாளியை ரேஷன் கடை வரிசையில் பார்த்தால் வருமே, அந்தச் சிரிப்பு.

குரல் பதிவில் பதில் சொன்னேன். "ஏளா, அந்தத் தானா எடுக்குத பொத்தான நம்பாத. எழுத்த மங்கலாக்கி அடியில பூட்டி வையி. அதுக்கு மேல பேனாவ எடுத்து நீயே நடுவுல நடந்து போ. வளைவுல மட்டும் புள்ளி வையி, நேருல வைக்காத." இப்படி ஆரம்பித்தது எங்கெங்கோ போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் சோறு குழைந்துபோயிருந்தது. என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துவிட்டு, "இதுக்கும் மீச மொளச்சிருக்கான்னு பாரு" என்றார். மனிதர் லாரி ஷெட்டில் கணக்கு எழுதி ஓய்ந்தவர். வாய் மட்டும் ஓயவில்லை.

ஜெனிட்டாவுக்கு நான் சொன்னது பாதிதான். நடுக்கோடு எடுப்பதைச் சொல்லிவிடலாம். எடுத்த கோட்டில் ஊசி எந்த வழியாகப் போக வேண்டும் என்பது மீதிப் பாதி. அதைக் குரல் பதிவில் அடக்க முடியாது. அதை எனக்குச் சொன்ன மனிதர் இப்போது இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்ப்யூட்டரில் இருக்கும் எழுத்துக்குக் கரை மட்டும்தான் உண்டு, நடு கிடையாது. அச்சடிக்கிறவர்களுக்கு அது போதும். இரண்டு கரைக்கும் இடையில் மையை நிரப்பினால் எழுத்து வந்துவிடும். எங்கள் மிஷினில் மை இல்லை, ஒரு ஊசிதான் இருக்கிறது. ஊசிக்குக் கரையைக் காட்டினால் அது கரையைச் சுற்றிக்கொண்டு ஓடும். எழுத்து உள்ளே வெற்றாக, இரட்டைக் கோடாக வரும். பெரிய பலகை என்றால் பார்க்க அழகாகக்கூட இருக்கும். விரல் அகலத் தகட்டில் வெட்டினால் இரண்டு கோடும் ஒட்டிக்கொண்டு ஒரே அழுக்காகிவிடும். ஆகவே கரையை எறிந்துவிட்டு நடுவைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த ஒற்றைக் கோடுதான் நான் பார்த்த வேலை.

எனக்குச் சொந்த ஊர் ஆத்தூர். அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால். கல்யாணமாகி மில்லர்புரம் வந்தேன். தட்டச்சு தெரியும் என்ற ஒரே தகுதியில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார்கள். அங்கிருந்து துறைமுகச் சாலையில் இருந்த இந்தக் கடைக்கு வந்து சேர்ந்தேன். கடையின் தொழில் பெயர் வெட்டுவது. கப்பலின் எஞ்சின் அறையில் ஒவ்வொரு வால்வின் கழுத்திலும் ஒரு பித்தளை வில்லை தொங்கும். இது எண்ணெய், இது கடல்நீர், இது தீயணைக்க என்று அதில் எழுதியிருக்கும். உப்புக்காற்று அதை அரித்துவிட்டால் புதிது வேண்டும், அதுவும் கப்பல் கிளம்புவதற்குள் வேண்டும். எங்களுக்குச் சோறு போட்டது அந்த வில்லைகள்தான். தமிழ் வேலை என்றால் படகுப் பெயர், உபயப் பலகை, கல்லறைத் தகடு.

கடைக்கு மேற்பார்வை சேவியர் மச்சாது சார். கடலோரக் கத்தோலிக்கக் குடும்பம். அவருடைய அப்பா தோணியில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்வந்தவர். இவருக்குக் கடலில் கால் வைத்தால் வாந்தி வரும், அதனால் கரையில் தங்கிவிட்டார். எப்போதும் கஞ்சி போட்ட சட்டை. வலது கட்டைவிரலில் மட்டும் நகம் வளர்த்திருப்பார். வெட்டிய தகட்டின் மேல் அந்த நகத்தை மெதுவாக ஓட்டுவார். எங்காவது நகம் தட்டினால் தகட்டை மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தேநீர் குடிக்கப் போய்விடுவார். அவர் திட்டினால் பரவாயில்லை என்று தோன்றும். அந்தத் தேநீருக்குத்தான் எங்களுக்குப் பயம்.

சேர்ந்த புதிதில் ஒரு நிலக்கரிக் கப்பலுக்கு வில்லைகள் வெட்டினேன். கரையா நடுவா என்ற வித்தியாசம் எனக்கு அப்போது தெரியாது. எழுத்தைப் போட்டேன், பொத்தானை அமுக்கினேன். வந்ததில் எட்டு எது, சைபர் எது என்று கப்பல் எஞ்சினியருக்கே தெரியவில்லை. அவர் எங்கள் வாசலில் நின்று கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவசரத்தில் அண்டாவுக்குள் கூடக் கை நுழையாது என்பார்களே, எனக்குச் சுட்டியே கையில் நிற்கவில்லை. மச்சாது சார் ஒரு வில்லையை எடுத்து நகத்தை ஓட்டினார். தேநீர் குடிக்கப் போகவில்லை. என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏளா செண்பகம், ஒரு ஆளு நடக்கதுக்கு ரெண்டு ரோடு எதுக்கு?" என்றார்.

அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி. அன்றைக்கு அத்தனை வில்லையையும் ஒற்றைக் கோட்டில் மறுபடி போட்டு முடித்தோம். கப்பலும் போய்விட்டது.

ஆங்கில எழுத்துக்கு ஒற்றைக் கோட்டு எழுத்துரு மிஷினோடேயே வந்தது. தமிழுக்கு எங்களிடம் அப்படி ஒன்று இல்லை. தமிழ் வேலை வரும்போதெல்லாம் ஒவ்வோர் எழுத்தாக நானே நடுக்கோடு போட்டேன். நேர்க்கோட்டு எழுத்துகளில் சிரமம் இல்லை. சுழி வந்தால்தான் கஷ்டம். ண, ஞ, ஐ எல்லாம் என் உயிரை எடுத்திருக்கின்றன. நடு என்று நினைத்து வைத்த புள்ளி அரை மயிரிழை விலகினாலும் சுழி கோணிக்கொள்ளும். போட்டு முடித்ததும் சார் வருவார். திரையைப் பார்க்க மாட்டார். மிஷினுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, "ஓட்டு" என்பார்.

மிஷினில் இரண்டு மோட்டார். ஒன்று ஊசியைக் குறுக்கே இழுக்கும், மற்றது நீளவாக்கில் இழுக்கும். போகும் வேகத்துக்குத் தகுந்தபடி ஒவ்வொன்றும் ஒரு குரலில் முனகும். நேர்க்கோட்டுக்கு ஒற்றைக் குரல். சாய்கோட்டுக்கு இரண்டு குரலும் சேர்ந்துகொள்ளும். சுழி வந்தால் குரல் ஏறி வளைந்து இறங்கும். ஊசி தகட்டை விட்டு எழும்போது ஒரு 'டக்', இறங்கும்போது ஒரு 'டக்'. நாங்கள் பித்தளைக்குப் போடுவது வைரமுனை ஊசி. அது சுழலாது, கீறிக்கொண்டே போகும். அதனால் மோட்டாரின் முனகல் தெளிவாகக் கேட்கும். சார் அதைக் கேட்டே எழுத்தைச் சொல்லிவிடுவார். முதுகைக் காட்டி உட்கார்ந்தபடியே "அ" என்பார், "ந்" என்பார், "தோ" என்பார். "அந்தோணின்னு வெட்டுதியோ?" என்பார். நான் நம்பாமல், அவருக்குத் தெரியாமல் என் பெயரை ஓடவிட்டுப் பார்த்தேன். "ஆபீஸ் தகட்டுல ஒம்பேர வெட்டுதியா, மொதலாளிட்ட சொல்லவா?" என்றார்.

நானும் எத்தனையோ தடவை கண்ணை மூடிக் கேட்டிருக்கிறேன். எனக்குக் கேட்டதெல்லாம் மாவு மில் சத்தம்தான்.

ஆனால் ஒன்று. ஊசி கை எழுதும் வழியில் போனால்தான் அவருக்கு எழுத்து கேட்கும். கை எங்கே தொடங்குமோ அங்கே தொடங்கி, எங்கே முடிக்குமோ அங்கே முடிக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு அதைப் பற்றி அக்கறை கிடையாது. ப என்ற எழுத்தை அடியிலிருந்தும் தொடங்கும், நடுவிலிருந்தும் தொடங்கும். வெட்டி முடித்தால் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். அதனால் நான் ஒவ்வொரு கோட்டையும் தொட்டு, தொடக்க முனையைப் பார்த்து, தலைகீழாக இருந்தால் திருப்பிவிட்டு, வரிசைப்படுத்திய பிறகுதான் மிஷினுக்கு அனுப்புவேன். அவர் அதைச் சட்டமாகவே வைத்திருந்தார்.

அந்தச் சட்டத்தில் ஓர் உட்பிரிவு புள்ளி. எழுத்தின் மேல் வைக்கும் புள்ளி கம்ப்யூட்டரில் தனி உருப்படி. கவனிக்காமல் விட்டால் எல்லா எழுத்தையும் வெட்டிவிட்டு, கடைசியில் ஊசி திரும்பிப் போய்ப் புள்ளிகளை வைக்கும். ஒருமுறை நான் அப்படி விட்டுவிட்டேன். திரும்பிப் போன ஊசி சரியாக எழும்பாமல், தகட்டின் குறுக்கே ஒரு கீறல் போட்டுவிட்டது. சார் எழுந்து நின்றுவிட்டார்.

"ஏளா, புள்ளிக்காகத் திரும்பிப் போவியா? பந்திக்குப் போயிட்டு எலைக்கு வீட்டுக்குத் திரும்புன மாரில்லா இருக்கு."

வேடிக்கை என்னவென்றால், அவர் கையால் எழுதும்போது அதையேதான் செய்வார். வேலைக்கு வரும் தகட்டின் முதுகில் சாக்கட்டியால் விவரம் எழுதிக் கொடுப்பார். வரியை ஒரே இழுப்பாக எழுதி முடித்துவிட்டு, கடைசியிலிருந்து பின்னோக்கி வந்து புள்ளி புள்ளியாகத் தட்டுவார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க மட்டும் திரும்பிப் போவலாமோ சார்?"

"கைக்கு ஒரு சட்டம், ஊசிக்கு ஒரு சட்டம். நீ வேலையப் பாரு" என்றார். காது மட்டும் சிவந்திருந்தது.

சர்க்கரை முதலில் அவருடைய காலைப் பிடித்தது, பிறகு கண்ணை. கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை போய், கடைசியில் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரிந்தது. முதலாளி நல்லவர். "வீட்டுல இருந்து என்ன செய்யப்போறீரு, வந்து ஒக்காரும்" என்று சொல்லிவிட்டார். தினமும் காலையில் அவருடைய மனைவி பிலோமினா அவரைக் கூட்டிவருவார். நான் மதினி என்று கூப்பிடுவேன். சாரின் கை மதினியின் தோளில் இருக்கும். அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, என் மேசையில் ஒரு தூக்குவாளியை வைப்பார். சீலாமீன் குழம்பு இருக்கும் நாட்களில் நான் மத்தியானம்வரை பொறுக்க மாட்டேன். "அவுகள ரொம்பப் பேசவிடாத, சீனி ஏறும்" என்று சொல்லிவிட்டுப் போவார். பேசினால் சீனி ஏறும் என்று எந்த டாக்டர் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஒரு மழைக்காலத்தில், நெஞ்சு வலிக்கிறது என்று குசினியில் அடுப்புப் பக்கம் உட்கார்ந்த மதினி, எழுந்திருக்கவில்லை.

சார் அதன்பிறகு கடைக்கு வந்துகொண்டுதான் இருந்தார், ஓர் ஆட்டோக்காரர் கூட்டிவருவார். ஆனால் "ஓட்டு" என்று சொல்வதில்லை. முதுகைக் காட்டி உட்காருவதும் இல்லை. நாற்காலி எப்படிக் கிடந்ததோ அப்படியே உட்கார்ந்திருப்பார். நான் ஏதாவது எழுத்தை ஓடவிட்டு, "இது என்ன சார்?" என்று கேட்டால், "என்னமோ எழுதுத" என்பார். அந்தக் கடையில் எனக்கு வேலை பார்க்கவே பிடிக்காமல் போன நாட்கள் அவை.

அடுத்த கல்லறைத் திருநாளுக்கு முன்னால் அவருடைய மகன் அருள் கனடாவிலிருந்து வந்தான். கல்லறைத் திருநாள் அன்று ஊரே கல்லறைத் தோட்டத்தில் இருக்கும். சிலுவைகளுக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவார்கள்; பங்குச்சாமி தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு போவார். அதற்குள் அம்மாவின் சிலுவைக்குப் பெயர்த் தகடு பதித்துவிட வேண்டும் என்பது அருளின் ஆசை. மதினியின் பெயருக்குக் கீழே அப்பாவுக்கும் இடம் விட்டு, ஒரே பித்தளைத் தகடு. எழுத்தை அவனே தேர்ந்தெடுத்திருந்தான். அவன் அதைத் தானே ஒற்றைக் கோடாகவும் மாற்றிக்கொண்டு வந்திருந்தான்.

"அக்கா, ஒங்களுக்கு வேல வைக்கல. சிங்கிள் லைன் ஆக்கிட்டேன். அப்படியே ஓட்டினாப் போதும்" என்றான்.

திறந்து பார்த்தேன். மெல்லிய, அழகான எழுத்து. தானாக நடுக்கோடு எடுக்கும் பொத்தானை வைத்துத்தான் எடுத்திருக்கிறான். ஆனால் அது முளைக்கவிட்ட மீசைகளை ஒவ்வொன்றாகக் கத்தரித்திருந்தான். சுழிகளைக் கையால் சரிசெய்திருந்தான். அம்மாவுக்காகச் செய்த வேலை என்று பார்த்தாலே தெரிந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் என்னால் ஒரு குறை சொல்ல முடியவில்லை.

நல்ல தகட்டில் வெட்டுமுன் கழிவுத் தகட்டில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். அன்றைக்கு ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே சார் கேட்டார், "இன்னைக்கா?" என்று. அவர் தானாகவே நாற்காலியைத் தடவி, மிஷினுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. கல்லறையில் அந்தத் தகட்டை ஊர் முழுக்கப் பார்க்கப்போகிறது, அவரால் பார்க்க முடியாது. பெயர் வெட்டப்படும் இந்தக் கொஞ்ச நேரம்தான் அவருக்குக் கிடைக்கும். மனிதர் அதற்காகத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

பொத்தானை அமுக்கினேன். ஊசி இறங்கியது.

சார் தலையைச் சாய்த்தார். பிறகு இன்னொரு பக்கம் சாய்த்தார். டக், ஒரு முனகல், டக். எங்கோ தாவியது. டக், டக். நாற்காலிக் கைப்பிடியை அவர் இறுக்கிப் பிடிப்பதைப் பார்த்தேன்.

"செண்பகம், ஓடுதா?"

"ஓடுது சார்."

"என்ன எழுதுது?"

"மதினி பேருதான் சார்."

அவருடைய முகம் வெளுத்துவிட்டது. "எனக்கு ஒண்ணும் வெளங்கலியே தாயி" என்றார். பிறகு, யாரிடமும் இல்லாமல், "காதும் போச்சா" என்றார்.

மிஷினை நிறுத்தினேன். திரையில் பாதை வரிசையைத் திறந்து பார்த்தேன். நினைத்தது சரி. கம்ப்யூட்டர் தனக்குக் கிடைத்த வரிசையில் கோடுகளை அடுக்கியிருந்தது. முதலில் மி-யின் மேல்வளைவு, பிறகு ப-வின் வலதுகை, பிறகு கடைசி எழுத்தின் கால், அதுவும் கீழிருந்து மேலே.

"சார், ஒங்க காது நல்லாத்தான் இருக்கு. ஊசி போற வழிதான் தப்பு" என்றேன்.

அருளுக்கு ஒன்றும் புரியவில்லை. "பேரு சரியாத்தான வந்திட்டு இருக்கு?" என்று கழிவுத் தகட்டைக் காட்டினான். சரியாகத்தான் வந்துகொண்டிருந்தது. நான் அவனுக்கு விளக்கினேன், அவன் அப்பா எழுத்தைக் காதால் படிப்பார் என்று. அவன் அப்பாவைப் பார்த்தான்.

"எங்கிட்ட நீங்க சொன்னதே இல்லியேப்பா."

"நீ கேக்கலியேல" என்றார் சார்.

அருள் ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் போட்டான். அவன் அப்பா என் முதல் வில்லைகளுக்கு உட்கார்ந்த அதே ஸ்டூல். "அப்ப மாத்துவோம்க்கா. எழுத்து மட்டும் இதே எழுத்தா இருக்கட்டும்" என்றான்.

நான் பி-யிலிருந்து தொடங்கினேன். கோடுகளை ஒட்டவைத்து, தொடக்கத்தை இடது மேல்முனைக்குக் கொண்டுவந்தேன். பின்னாலிருந்து சார் கேட்டார், "எந்த வழியா விடுத?"

"நம்ம வழக்கமான வழிதான் சார்."

"அது ஊரு எழுதுத வழி. அவ வழி வேற."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"கல்யாணத்துக்கு முன்னால அவ கோயில்ல புள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுத்தா. நான் சன்னல் பக்கமா நின்னு பாப்பேன். போர்டுல கோயில்னு எழுதுவா. எல்லாரும் மொதல்ல கொம்ப போடுவாங்க, பொறவு ககரம், பொறவு காலு. இவ கொம்புக்கு எடத்த விட்டுட்டு, காவன்னாவ மொதல்ல எழுதிப்போடுவா. 'காயில்'னு நிக்கும். புள்ளைக சிரிக்குதுக. அவ அசர மாட்டா. கடகடன்னு திரும்பி வந்து அந்த எடத்துல கொம்ப வைப்பா. அந்த எடவெளியப் பாத்துட்டுத்தாம்ளா நான் நின்னேன். மறப்பாளோ, வருவாளோன்னு. ஒருநாளும் மறந்ததில்ல. சாவுறவரைக்கும் அப்படித்தான் எழுதுனா."

அருள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன். எனக்கும் துடைக்க வேண்டியிருந்தது.

"அப்ப லோவுக்கு ஊசி திரும்பி வரணும் சார்" என்றேன். "திரும்பிப் போகாதன்னு நீங்கதான சட்டம் போட்டீய."

"போட்டேன். இப்பம் போவச் சொல்லுதேன்."

அந்தப் பெயரில் நான் செய்த வேலையைப் போல வேறெதிலும் செய்ததில்லை. எழுத்து அருள் தேர்ந்தெடுத்தது, அதில் ஒரு மயிரிழைகூட மாற்றவில்லை. வழியை மட்டும் மாற்றினேன். ப, அதிலிருந்து எடுக்காமலே மேல்வளைவு. பிறகு ஊசி எழுந்து, கொம்புக்கு இடம் விட்டுத் தாண்டி, ல. அதற்குப் பக்கத்தில் கால். பிறகு எழுந்து இடதுபக்கம் திரும்பி வந்து கொம்பு. பிறகு முன்னே போய் மி, னா. சார் ஒவ்வொன்றுக்கும் கையைக் காற்றில் அசைத்துக் காட்டினார். னா-வின் காலை மதினி கொஞ்சம் வேகமாக இழுப்பாராம். அந்த ஒரு கோட்டுக்கு வேகத்தைக் கூட்டி வைத்தேன். கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

மறுபடி கழிவுத் தகட்டில் ஓட்டவில்லை. நேராகப் பித்தளையில் வைத்தேன். ஊசி இறங்கியது.

"பி" என்றார் சார், மெதுவாக. டக். ஊசி தாண்டியது. "ல" என்றார். கால் இறங்கியது, ஒற்றைக் குரலில். டக். ஊசி எழுந்தது. திரும்பி வரும் மோட்டார் ஒரே குரலில் முனகியது. தகட்டில் எதுவும் விழவில்லை, வெறும் காற்றில் வந்துகொண்டிருந்தது. சாரின் முகத்தை நான் அப்போது பார்த்தேன். சன்னல் பக்கம் நின்ற அந்தப் பையனின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"வாரா" என்றார்.

கொம்பு விழுந்தது.

கல்லறைத் திருநாள் அன்று நானும் போயிருந்தேன். வெள்ளையடித்த சிலுவையின் அடியில் தகடு பளபளத்தது. வந்தவர்கள் எல்லாரும் "கனடா எழுத்து நல்லா இருக்கு" என்று அருளிடம் சொன்னார்கள். நல்லாத்தான் இருந்தது. சார் குனிந்து, லோ-வின் கொம்பு மேல் மட்டும் நகத்தை ஓட்டினார். பிறகு அதற்குக் கீழே இருந்த வெற்றிடத்தைத் தடவிப் பார்த்தார்.

"எம்பேருக்கு எடம் போதுமா?"

"ஒங்க பேரு நீளம் சார். நெருக்கித்தான் போடணும்."

"நெருக்கியே போடு" என்றார்.

அதன்பிறகு மாதத்தில் ஒருநாளாவது சார் சொல்வார், "மோட்டாரு ஒரு மாதிரி மொனங்குதே, ஒருக்க ஓட்டிப் பாரு" என்று. மோட்டாருக்கு ஒன்றும் இருக்காது. நான் ஊசியை நன்றாகத் தூக்கி வைத்துவிட்டு, மதினியின் பெயரை எடுத்து ஓடவிடுவேன். மிஷின் காற்றில் எழுதும். பி, ல, கால். பிறகு அந்தத் திரும்பி வரும் முனகல். அது வரும்வரை அவர் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பதுபோல இருக்கும். வந்ததும், "சரியாத்தான் இருக்கு" என்று எழுந்துவிடுவார்.

நான் ஓய்வுபெறவிருந்த வருடம் சார் போனார். காலையில் ஆட்டோக்காரர் கூப்பிடப் போனபோது கட்டிலில் கிடந்தாராம். அதற்குள் கடைக்கு லேசர் வந்துவிட்டது. லேசரில் எழுத்தே கேட்காது. ஊசி இல்லை, போவதும் இல்லை, வருவதும் இல்லை. 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம், முழுப் பெயரும் விழுந்து கிடக்கும். குறை சொல்லவில்லை. வேகமான மிஷின், துல்லியமான மிஷின். எனக்குத்தான் அந்தப் பழைய முனகல் வேண்டும். இன்றைக்கும் வேண்டும். வீட்டு மிக்ஸி சத்தத்துக்குக்கூட நான் தலையைச் சாய்க்கிறேன் என்று வீட்டுக்காரர் கேலி செய்கிறார்.

அருள் போனில் பேசினான். "அதே தகடுதான்க்கா, அதே எழுத்து. வழி ஒங்களுக்குத் தெரியும்" என்றான்.

கல்லறையிலிருந்து தகட்டைக் கழற்றி, துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். உப்புக்காற்றில் ஓரமெல்லாம் பச்சை பூத்திருந்தது. நான் அதைத் தேய்க்கவில்லை. லேசரில் கண்ணிமைக்கும் நேரத்தில் முடியுமே என்று முதலாளி சொன்னார். மேலே இருக்கும் கோடும் கீழே வரும் கோடும் ஒரே ஆழமாக இருக்க வேண்டும், பழைய ஊசிதான் சரி என்றேன். அது உண்மைதான். முழு உண்மை இல்லை.

சேவியர் மச்சாது. வழக்கமான வழியில் ஒவ்வோர் எழுத்தாக வரிசைப்படுத்தினேன். புள்ளி இரண்டு இடத்தில் வரும், ர-வுக்கு ஒன்று, ச-வுக்கு ஒன்று. அங்கே வந்ததும் கை நின்றது. சட்டப்படி எழுத்து முடிந்த கையோடு புள்ளி. நான் அந்த இரண்டு புள்ளிகளையும் பிடித்து இழுத்து, வரிசையின் கடைசியில் போட்டேன். முதலில் ச-வின் புள்ளி, அதற்குப் பின் ர-வின் புள்ளி.

அப்போது ஜெனிட்டா வேலைக்குச் சேர்ந்த புதிது. பக்கத்தில் நின்றாள். சாரின் நாற்காலியை மிஷினுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுவிட்டு, பொத்தானை அமுக்கினேன். ஊசி நெருக்கமாக, நிதானமாக எழுதிக்கொண்டு போனது. து-வில் முடிந்து, டக் என்று எழுந்தது. வேலை முடிந்தது என்று நினைத்து ஜெனிட்டா தகட்டைக் கழற்றக் கை நீட்டினாள்.

"இரு ஏளா" என்றேன்.

ஊசி காற்றில் இடதுபக்கம் திரும்பியது. ஒரே குரலில் முனகிக்கொண்டு வந்து, ச-வின் தலையில் இறங்கி ஒரு குட்டி வட்டம் போட்டது. எழுந்து, இன்னும் பின்னால் வந்து, ர-வின் தலையில் இன்னொன்று போட்டது. 'ஏளா, புள்ளிக்காகத் திரும்பிப் போவியா?' என்று எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வர வேண்டும். நான் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். மோட்டார் ஓய்ந்தது.

"புள்ளிய மறந்துட்டு அப்புறம் வச்சீங்களாக்கா?" என்று கேட்டாள் ஜெனிட்டா.

"ஆமாளா, மறந்துட்டேன்" என்றேன்.